அங்கொடைக்குப் போனவர்களும் கணக்கில் வராதவர்களும்

ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தது பத்தொன்பது வருஷத்துக்கு மேல். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டவர், 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிப் போகும்வரை உடுநுவரைப் பக்கத்துக் கிராமங்களில் தொப்பி பின்னி விற்றும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் காலம் தள்ளினார். 1681இல் லண்டனில் அச்சான அவருடைய புத்தகத்தில் பேய் பிடித்தவர்களைப் பற்றி ஓர் இடம் வருகிறது. ஆணும் பெண்ணுமாகச் சிலர் திடீரென்று கூச்சலிட்டபடி காட்டுக்குள் ஓடுவார்களாம், ஆனால் யாருக்கும் தீங்கு செய்வதில்லையாம். சிலர் வாயடைத்துப் போவார்கள். சிலர் நடுங்குவார்கள், ஆடுவார்கள், நெருப்பை மிதிப்பார்கள், தொடர்பில்லாமல் பேசுவார்கள். இது சிலருக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம். வீட்டார் நேர்த்தி வைப்பார்கள். ஆள் தேறிவிட்டால் காணிக்கை போய்ச் சேரும்.

முன்னூற்றைம்பது வருஷம் பிந்தி உட்கார்ந்துகொண்டு அவர்களுக்கெல்லாம் நோயின் பெயர் சூட்டுவது நியாயமில்லை. ஒருவருக்கு வலிப்பு இருந்திருக்கலாம், இன்னொருவருக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறியிருக்கலாம், மற்றொருவர் சும்மா சாமியாடியிருக்கலாம். என் கண் நிற்பது அந்தக் கால அளவில்தான். வந்தது, சில மாதம் நின்றது, போனது. இருமுனைக் கோளாறு, அதாவது இன்று சனங்கள் பைபோலர் என்று சொல்வது, அப்படித்தான் வந்து போகும். மேனியா கட்டத்தில் நித்திரை வேண்டியிருக்காது, பேச்சு நிற்காது, காசு கையில் தங்காது, தன்னால் ஆகாதது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஒரு வாரமாவது அப்படி இருந்தால்தான் வைத்தியர்கள் அதை மேனியா என்பார்கள். மருந்தில்லாமல் விட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். சோர்வுக் கட்டத்தில் எல்லாம் தலைகீழ். இரண்டுக்கும் நடுவில், பலருக்கு, நீண்ட காலம் ஒன்றுமே இருக்காது. ஒரு மனிதர் மூன்று மாதம் வேறு ஆளாக இருந்துவிட்டுத் திரும்பவும் பழைய ஆளாக வந்து வயலில் இறங்கினால், வந்ததும் போனதும் பேய் என்று ஊர் முடிவுகட்டியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இந்த நோய் எத்தனை பேருக்கு வருகிறது, யாருக்கு வருகிறது என்ற கேள்விக்குக் கண்டியில் காலத்துக்கொரு பதில் இருந்திருக்கிறது. நோய் அப்படிக் கூடிக் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இரத்தத்தோடு வருவதில் இது முன்வரிசை நோய். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு. இரண்டு மூன்று தலைமுறைக்குள் இரத்தம் மாறிவிடாது. மாறியது கணக்கெடுத்த ஆள். முதலில் பேயோட்டும் கட்டாடி, பிறகு பொலிஸ், பிறகு அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரி, இப்போது கிளினிக் கொப்பி. ஒவ்வொருவருக்கும் கண்ணில் பட்டது வேறு வேறு ஆட்கள்.

வெள்ளைக்காரன் காலத்துக் கணக்குக்கு அடிப்படை 1873ஆம் ஆண்டுப் பைத்தியக்காரர் கட்டளைச் சட்டம். அதன்படி ஒருவருக்குப் புத்தி பேதலித்திருக்கிறதா என்று தீர்மானிக்கும் இடம் நீதிமன்றம். பொலிஸ் பிடித்து வரும், நீதவான் அவதானிப்புக்கு அனுப்புவார், பிறகு அடைப்பு. 1867இலேயே கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அதே வருஷம்தான் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். தோட்டத்து ஆட்கள் பலர் மலைக்கு வந்ததும் அந்த ரயில் வழிதான், நோயாளிகள் மலையிலிருந்து கொழும்பு மனநோய் விடுதிகளுக்கு இறக்கப்பட்டதும் அந்த வழிதான். பொரளை, பிறகு கறுவாத்தோட்டம், 1926இல் அங்கொடை. கட்டிய அளவைவிட எப்போதும் ஆள் கூட. சென்னையில் கீழ்ப்பாக்கம் என்ற பேர் எப்படி வசவாகிப் போனதோ அப்படியே இங்கே அங்கொடையும். ‘இவன அங்கொடைக்குத்தான் ஏத்தணும்’ என்பதைக் கண்டிக் கடைத்தெருவில் இன்றைக்கும் கேட்கலாம். அந்தப் பெரிய ஆஸ்பத்திரி 2008இலிருந்து தேசிய மனநல நிறுவகம். வசவுக்கு அது தெரியாது.

பொலிஸும் நீதிமன்றமும் எண்ணினால் யார் அகப்படுவார்கள்? தெருவில் கத்துகிறவர், கடையில் கைவைத்தவர், துரையின் பங்களாவுக்குள் நுழைந்தவர். பெரும்பாலும் ஆண், ஏழை, கேட்பாரற்றவர். சோர்வுக் கட்டத்தில் லயத்துக் காம்பராவுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரைப் பிடிக்க எந்தப் பொலிஸும் வராது. அமெரிக்காவில் 146 நோயாளிகளைச் சராசரியாகப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் வாராவாரம் கவனித்த ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. நோய்க்குறியோடு கழிந்த வாரங்களில் மேனியாவைவிடச் சோர்வு மூன்று மடங்குக்கும் மேல். ஆக, இந்த நோயின் பெரும்பங்கு சத்தமில்லாத பங்கு. சத்தத்தை வைத்து எண்ணியவர்களுக்கு அது கிடைத்திருக்க வழியே இல்லை.

இந்தத் தவறைப் பெரிய ஆட்களும் செய்திருக்கிறார்கள். மேனியாவும் சோர்வும் ஒரே நோயின் இரண்டு முகம் என்று வரையறுத்த ஜெர்மானிய வைத்தியர் எமில் கிரேபெலின் 1904இல் ஜாவாத் தீவுக்குப் போய் அங்குள்ள மனநோய் விடுதியைப் பார்த்தார். அங்கத்தைய மக்களிடம் கடும் சோர்வு அபூர்வம் என்று முடிவுக்கு வந்தார். விடுதிக்குள் கொண்டுவரப்பட்டவர்களைத்தான் அவர் பார்த்தார், கொண்டுவரப்படாதவர்களை அல்ல. சுதேசிகளுக்குத் துக்கம் ஆழமாக இறங்காது என்ற எண்ணம் காலனி நாடுகளில் அதற்குப் பிறகும் நெடுநாள் ஓடியது. தோட்டத்துத் துரைமார் பலருக்கும் அது வசதியான எண்ணமாக இருந்திருக்கும்.

கண்டியில் சோர்வு கண்ணில் படாமல் போனதற்கு இன்னொரு காரணத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1985இல் ஒரு கட்டுரையில் எழுதினார். வாழ்க்கை முழுக்கத் துக்கம், எதிலும் பிடிப்பில்லை என்று ஒருவர் சொன்னால் மேற்கில் அவர் நோயாளி. இங்கே அவர் நல்ல பௌத்தர் என்று கருதப்படலாம். அதே கண்ணோட்டம் நம் தமிழர் பக்கத்திலும் உண்டு. சதா கோயிலில் உட்கார்ந்திருக்கும் கிழவரை ‘பற்றற்ற மனுசன்’ என்போம், அவர் சாப்பிட்டு எத்தனை நாள் என்று கேட்க மாட்டோம். ஆனால் ஒபேசேகரவின் வாதத்தை நான் முழுக்க ஏற்பதில்லை. விரக்தியைப் பக்குவமாகக் காட்ட வயதும் ஆணாக இருப்பதும் கொஞ்சம் சொத்தும் வேண்டும். கொழுந்து எடுக்கப் போகாமல் படுத்திருக்கும் முப்பது வயதுப் பெண்ணை யாரும் ஞானி என்பதில்லை. சோம்பேறி என்பார்கள்.

தோட்டத்தில் அந்தக் காலம் எப்படி இருந்தது என்று ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைப் பக்கத்து வயதானவர்களைக் கேட்டால் கதை ஏறக்குறைய ஒன்றாகவே வரும். விடிய, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கு மற்றவர்களுக்கு முந்தி ஒரு பொடியன் வந்து நிற்பான். வயது இருபது இருபத்திரண்டு இருக்கும். கங்காணி சொல்ல வேண்டியதை அவன் சொல்லுவான், இன்ன மலையில் இத்தனை ஆள் என்று பிரித்துவிடுவான், கணக்கப்பிள்ளையின் கொப்பியைப் பிடுங்குவான். முதல் இரண்டு நாள் சனம் சிரிக்கும். மூன்றாம் நாள் அம்மாவின் தோட்டைக் கொண்டுபோய் அடகு வைத்துவிட்டு லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் இனிப்பு வாங்கி வருவான். தோட்டத்து டிஸ்பென்சரியில் கலவை மருந்து இருந்தது, காயத்துக்குக் கட்டு இருந்தது, இதற்கு ஒன்றும் இல்லை. கோடாங்கி வந்து உடுக்கடித்துக் குறி சொல்லுவார், தேசிக்காய் வெட்டுவார், நூல் கட்டுவார். சில வாரத்தில் அடங்கினால் கோடாங்கிக்குப் பேர். அடங்காமல் துரையின் முன்னால் போய் நின்றுவிட்டால் பொலிஸ், பிறகு அங்கொடை.

அதே நோய் பெண்ணுக்கு வந்தால் பாதை வேறு. இரவெல்லாம் பாட்டும் அருள்வாக்குமாக இருந்தால் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், மரியாதைகூடக் கிடைக்கும். பிள்ளை பெற்ற இரண்டாம் வாரத்தில் நித்திரையற்றுப் பிதற்றினால் காத்துக் கருப்பு. அவள் பேர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. இப்போது தெரிந்த விஷயம் ஒன்று: இந்த நோய் கடுமையாக உள்ள பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பிரசவத்தை ஒட்டிப் பெரிய தாக்குதல் வருகிறது. கோடாங்கியைக் கூப்பிட்ட வீடுகளில் எத்தனை தாய்மார் அந்த ஐந்தில் ஒருவர் என்று நினைத்துப் பார்க்கலாம். இன்று மருத்துவ மாது வீட்டுக்கு வருகிறார், பிரசவத்துக்குப் பிந்திய கிளினிக்கில் மனநிலை பற்றிய பத்துக் கேள்வித் தாள் ஒன்றும் இருக்கிறது. கண்டியில் ஐம்பது வருஷத்தில் நடந்த மாற்றங்களில் மிகப் பெரியது எது என்று என்னைக் கேட்டால், புதிய மருந்துகளை விட்டுவிட்டு இந்தத் தாளைத்தான் காட்டுவேன்.

மருந்தின் கதையும் சொல்ல வேண்டியதுதான். சிங்கப்பூர் சாங்கி முகாமில் ஜப்பானியரிடம் மூன்றரை வருஷம் கைதியாக இருந்த ஜோன் கேட் என்ற அவுஸ்திரேலிய வைத்தியர், நாடு திரும்பி, 1949இல் லித்தியம் உப்பு மேனியாவை அடக்குகிறது என்று எழுதினார். மண்ணிலிருந்து எடுக்கும் சாதாரண உப்பு. காப்புரிமை எடுத்துக் காசு பண்ண முடியாததாலோ என்னவோ கம்பனிகள் அதில் பெரிதாக அக்கறை காட்டவில்லை. அமெரிக்கா அனுமதித்தது 1970இல்தான். கண்டி, காலி, யாழ்ப்பாணம் போன்ற நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் மனநோய்ப் பிரிவு திறந்து, பேராதனையில் மருத்துவ பீடமும் போதனா வைத்தியசாலையும் வந்தபோது, 115 கிலோமீற்றர் தள்ளிக் கொழும்புக்கு ஆளை ஏற்றவேண்டிய கட்டாயம் மெல்லக் குறைந்தது. சுனாமிக்குப் பிறகு, 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கை, மாவட்டந்தோறும் அனுமதிப் பிரிவு, அதற்கென்று பயிற்றிய வைத்திய அதிகாரிகள், சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளில் கிளினிக் என்று ஒரு வலையை விரித்தது. 1926 என்ற தொலைபேசி எண்ணை அழுத்தினால் தேசிய மனநல நிறுவகத்தில் ஆள் பேசுகிறார். அங்கொடை திறந்த வருஷமே உதவி கேட்கும் எண்ணாகியிருக்கிறது.

இனி எண்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கணக்கில் உலகில் இந்த நோய் உள்ளவர்கள் 3 கோடியே 70 லட்சம் பேர், இருநூறு பேருக்கு ஒருவர். 2011இல் வெளிவந்த பதினொரு நாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று 61,392 பேரிடம் கேட்டது. இலேசான வடிவங்களையும் சேர்த்தால் வாழ்நாளில் நூற்றுக்கு 2.4 பேர். அமெரிக்காவில் 4.4, இந்தியாவில் வெறும் 0.1. இந்தியர்களுக்கு நோய் நாற்பது மடங்கு குறைவு என்று யாராவது நம்பினால் அவர் கிரேபெலினின் ஜாவாப் பயணத்தை மறுபடி படிக்க வேண்டும். அந்நியர் ஒருவர் தாளோடு வீட்டு வாசலில் வந்து நின்று, ‘அளவுக்கு மீறி உற்சாகமாக இருந்ததுண்டா’ என்று கேட்டால் நம் ஆட்கள் என்ன சொல்வார்கள்? பிறகு 2016இல் இந்தியாவின் சொந்தத் தேசிய ஆய்வு பன்னிரண்டு மாநிலங்களில் கேட்டபோது வாழ்நாள் கணக்கு 0.5க்கு வந்தது. வைத்தியம் கிடைக்காதவர்கள் நூற்றுக்கு எழுபது பேர் என்றும் அது சொன்னது.

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் கண்டி மாவட்டத்துக்கு 13 லட்சத்து 75 ஆயிரம் பேர். இருநூறுக்கு ஒருவர் என்று வைத்தால் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. இவர்கள் எங்கே இருக்கிறார்கள்? எங்கும்தான். அக்குறணையில் கடை வைத்திருப்பவர், கட்டுகஸ்தோட்டைப் பள்ளிக்கூட ஆசிரியை, பன்வில மலையில் கவ்வாத்து வெட்டுபவர். இந்த நோய்க்குச் சாதியும் மதமும் படிப்பும் கிடையாது. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமம், சோர்வு மிகுந்த இரண்டாம் வகையில் மட்டும் பெண்கள் கூட. வயதுதான் கவனிக்க வேண்டியது. பலருக்குத் தொடங்குவது பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் இடையில், அதாவது ஏ.எல். பரீட்சை எடுக்கும் வயதில், பேராதனைக்குப் பஸ் ஏறும் வயதில், முதல் சம்பளம் எடுக்கும் வயதில். அறுபதில் முதல்முறை மேனியா வந்தால் வைத்தியர் முதலில் மூளையையும் மற்ற நோய்களையும்தான் சோதிப்பார். பிரட்டுக்களத்தில் நின்ற பொடியனுக்கு இருபது வயது என்று கிழவர்கள் சொன்னது தற்செயல் இல்லை. இன்றைக்கு அந்தப் பொடியன் அடகு வைக்கப் போவதில்லை, லீசிங்கில் முச்சக்கரவண்டி எடுக்கிறான். இரவு இரண்டு மணிக்கு முகநூலில் நேரலை போடுகிறான். கணக்கப்பிள்ளையின் கொப்பியைத் தொடாததால் ஒருவருக்கும் சந்தேகம் வருவதில்லை, கடன்காரன் வரும்வரை.

கிளினிக் எண்ணும் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. வைத்தியர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்பது. தோட்டத்து வீடுகளில் பலருக்கு இதற்குப் பதில் தெரியாது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இங்கேயும் என்று பிரித்தது. பெரியம்மா கோத்தகிரியில், சித்தப்பா கூடலூரில். அங்கே அவர்களுக்கு என்ன நடந்தது என்று கடிதத்தில் எழுதமாட்டார்கள், குறிப்பாக இதை எழுதவே மாட்டார்கள். வைத்தியரின் தாளில் ‘குடும்ப வரலாறு இல்லை’ என்று ஏறிவிடும்.

பேச்சு இன்னொரு ஓட்டை. மேனியாவைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் காதால்: வேகம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது, சொல்லுக்குச் சொல் எதுகை பிடித்துக்கொண்டு ஓடுவது. வைத்தியர் சிங்களம், நோயாளி தமிழ் என்றால் நடுவில் யாரோ ஒருவர் நிற்பார், சிலவேளை அடுத்த இலக்கத்துக்காகக் காத்திருக்கும் இன்னொரு நோயாளி. மகனைக் கூட்டி வந்த அம்மா, ‘ராவு முழுக்கத் தூங்குறதில்லைங்க டொக்டர் ஐயா, இப்ப ஒண்ணு பேசுவான், அடுத்த நிமிசம் வேற பேசுவான்’ என்று சொல்ல, மகன் இடையில் நூறு வார்த்தை கொட்ட, நடுவில் நிற்பவர் அதையெல்லாம் கூட்டி அள்ளி, ‘நித்திரை இல்லையாம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். நித்திரைக் குளிசை கிடைக்கும். தமிழ் பேசும் வைத்தியர்கள் முன்பைவிட இப்போது கூடுதலாக இருக்கிறார்கள் என்பது உண்மை, ஆனால் எந்தக் கிழமையில் யார் இருப்பார் என்பது அதிர்ஷ்டம்.

நோய் பிடிபட்ட பிறகு லித்தியம் தரும் வேலை தனி. அளவு குறைந்தால் பலனில்லை, கொஞ்சம் மிஞ்சினால் கை நடுங்கும், வாந்தி வரும், நடை தள்ளாடும். அதனால் குளிசை எடுத்துப் பன்னிரண்டு மணிநேரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், தைரொயிட்டையும் சிறுநீரகத்தையும் இடைக்கிடை பார்க்க வேண்டும். உடம்பில் நீரும் உப்பும் வற்றினால் லித்தியம் ஏறிவிடும். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் தண்ணீர் மட்டும் குடித்து இருப்பவரும் ரமழான் நோன்பு பிடிப்பவரும் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டியது இதற்காகத்தான். உடல்வலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் சில குளிசைகளும் இதையே செய்யும். தேயிலை மலைக்கென்றே ஒன்று இருக்கிறது: தேத்தண்ணியில் உள்ள கஃபீன் லித்தியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. நாளைக்கு ஆறு கோப்பை குடித்து வந்தவர் யாரோ சொன்னார்கள் என்று ஒரே நாளில் நிறுத்தினால் இரத்தத்தில் அளவு கூடும்.

மருந்து இலவசம்தான். 2022 நெருக்கடியில் பல மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்து வெளியில் வாங்கச் சொன்னதைத் தவிர்த்தால், இந்த நாட்டில் அது பெருமைப்படக்கூடிய விஷயம். இலவசமில்லாதது அந்த நாள். தெல்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து கண்டிக்கு வர, விடியல் பஸ்ஸைப் பிடித்து, இலக்கம் எடுத்து, காட்டி, மருந்து வரிசையில் நின்று, சிலிசிலிப் பையில் கொப்பியையும் கடித உறைகளையும் சுருட்டிக்கொண்டு திரும்பினால் பொழுது சாயும். அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது சம்பளம் இல்லை. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. அந்தக் கணக்கில், இரத்தப் பரிசோதனை வரும் மாதத்தில் இரண்டு நாள் போனால் 2,700, கூட வருபவருக்கும் சேர்த்தால் 5,400, பஸ் காசு வேறு. ஆள் கத்திக்கொண்டு திரியும் மாதத்தில் இந்தச் செலவைக் குடும்பம் எப்படியாவது செய்துவிடும். சுகமாக இருக்கும் மாதத்தில்தான் கிளினிக் விடுபடுகிறது, பிறகு குளிசை விடுபடுகிறது, அடுத்த தாக்குதல் வருகிறது, அவர் மறுபடி ‘புதிய நோயாளி’யாகக் கணக்கில் ஏறுகிறார். இரத்தம் எடுப்பதையும் மருந்து கொடுப்பதையும் ஒரே நாளில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தந்தப் பக்கத்துச் சிறு ஆஸ்பத்திரியில் வைத்தால் பேர் போகாது. அதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், ஒரு வைத்திய அதிகாரி, ஒரு தாதி, ஒரு வாகனம், தமிழ் தெரிந்த ஓர் ஆள் போதும்.